ஸ்வாப்பைப் பெரிதாக்க வேண்டாம், இன்னொன்று சேருங்கள்

கேள்வி: எங்கள் ரெட் ஹேட் லினக்ஸ் சர்வரில் 32 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்). ஆரக்கிள் டேட்டாபேஸை நிறுவப்போனால், 16 ஜிபி ஸ்வாப் வேண்டும் என்கிறது. லாக் கோப்புகள் போன்றவை சேரும், 20 ஜிபி அளவுள்ள /வார் வேறு 96 சதவீதம் நிறைந்துவிட்டது. 60 ஜிபிக்குப் புதிய டிஸ்க் இணைத்துத் தந்திருக்கிறார்கள். பகல் முழுக்க வேறு பயன்பாடுகள் ஓடும் சர்வர் இது. நிறுத்தாமல் இரண்டையும் பெரிதாக்க முடியுமா?

பதில்: முடியும், ரீபூட்கூடத் தேவையில்லை. ஆனால் /வாருக்கு ஒரு வழி, ஸ்வாப்புக்கு வேறு வழி.

/வாருக்கு இடம் கொடுக்கும் முன், அது ஏன் நிறைந்தது என்று பாருங்கள். டிஎஃப் கட்டளை காட்டும் மொத்தப் பயன்பாடும் டியூ கட்டளை கோப்புகளைக் கூட்டித்தரும் அளவும் வெகுவாக வேறுபட்டால், யாரோ லாக் கோப்பை அழித்திருக்கிறார்கள், அதை எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் இன்னும் பிடியை விடவில்லை என்று பொருள். எல்எஸ்ஓஎஃப் கட்டளை அந்தப் புரோகிராமைக் காட்டிக்கொடுக்கும். அதை மட்டும் மறுபடி தொடங்கினால் இடம் திரும்பிவிடும். இப்படி இல்லையென்றால்தான் டிஸ்க்கைத் தொட வேண்டும்.

டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கொடுத்து, 60 ஜிபி டிஸ்க் எந்தப் பெயரில் வந்திருக்கிறது என்பதை அளவை வைத்து உறுதி செய்யுங்கள். எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்கள் ரீபூட்டுக்கு ரீபூட் மாறக்கூடியவை. பழைய குறிப்பை நம்பி அடுத்த கட்டளையைத் தட்டாதீர்கள். பிறகு அந்த டிஸ்க்கை எல்விஎம்முக்கு (டிஸ்க் இடத்தைத் தொகுத்துப் பங்கிடும் லினக்ஸ் வசதி) தயாராக்க பிவிகிரியேட், அதை வால்யூம் குரூப் என்ற பொதுத் தொகுப்பில் சேர்க்க விஜிஎக்ஸ்டெண்ட். விஜிஎஸ் கொடுத்தால் காலியிடம் 60க்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். எல்விஎம் தன் விவரங்களை எழுதிவைக்க டிஸ்க்கின் தொடக்கத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், பயப்பட ஒன்றுமில்லை. இனி இந்த வால்யூம் குரூப் இரண்டு டிஸ்க்குகளை நம்பி நிற்கும். புதிய டிஸ்க்கையும் பேக்கப்பில் சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, அந்தத் தொகுப்பிலிருந்து இடம் எடுத்து /வாரின் வால்யூமை வளர்க்கும் எல்விஎக்ஸ்டெண்ட். இதில் பெரிய எல் எழுத்துக்குப் பின் வருவது அளவு, சின்ன எல் எழுத்துக்குப் பின் வருவது எக்ஸ்டென்ட் எண்ணிக்கை. எக்ஸ்டென்ட் என்பது எல்விஎம் இடத்தைப் பங்கிடும் துண்டு, ஒன்று வழக்கமாக 4 எம்பி. எழுத்து மாறி, சின்ன எல்லுடன் +20 என்று மட்டும் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 80 எம்பி! பெரிய எல்லுடன் +20ஜி என்று கொடுங்கள். கூட்டல் குறி விட்டுப்போனால், ‘மொத்த அளவு 20 ஜிபி’ என்று அது எடுத்துக்கொள்ளும். எல்விஎக்ஸ்டெண்ட் சுருக்காது என்பதால் ஆபத்தில்லை. கூட்டவும் குறைக்கவும் உதவும் எல்விரீசைஸில் அதே தவறைச் செய்தால் வால்யூமே சுருங்கிப்போக வாய்ப்புண்டு. அதனால் பெரிதாக்கும் வேலைக்கு நான் எல்விரீசைஸைத் தொடுவதில்லை. சின்ன ஆர் எழுத்தையும் சேர்த்துக்கொண்டால், வால்யூமோடு உள்ளிருக்கும் கோப்பமைப்பும் ஒரே மூச்சில் வளர்ந்துவிடும். அதை விட்டுவிட்டு, “வால்யூம் வளர்ந்திருக்கிறது, டிஎஃப்பில் பழைய அளவே தெரிகிறதே” என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

கையில் இருப்பதையெல்லாம் /வாருக்கே கொட்டிவிடாதீர்கள். உங்கள் கோப்பமைப்பு அநேகமாக எக்ஸ்எஃப்எஸ்ஸாக இருக்கும். ரெட் ஹேட் 7இலிருந்து அதுதான் இயல்பிருப்பு. அதை வளர்க்கலாம், நடைமுறையில் சுருக்க வழியில்லை.

இனி ஸ்வாப். இருக்கும் ஸ்வாப்பைப் பெரிதாக்க முதலில் அதை ஸ்வாப்ஆஃப் கட்டளையால் அணைத்தாக வேண்டும். அப்போது ஸ்வாப்பில் கிடக்கும் பக்கங்கள் (நினைவகத் துண்டுகள்) அனைத்தும் ரேமுக்குத் திரும்ப வேண்டும். ரேமில் இடமில்லையென்றால் கட்டளை தோற்கும். இடமிருந்தாலும் சர்வர் நிமிடக்கணக்கில் திணறலாம். பிறகு எம்கேஸ்வாப் கொண்டு அதை மறுபடி ஸ்வாப்பாகத் தயாராக்கினால், அதன் அடையாளக் குறியான யூயூஐடி மாறிவிடும். ரீபூட்டில் எவற்றை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய யூயூஐடி இருந்தால், அடுத்த ரீபூட்டில் ஸ்வாப்பே இருக்காது. பகலில் ஓடும் சர்வரில் இவ்வளவு வம்பு எதற்கு?

எல்விகிரியேட் கொண்டு புதிய வால்யூம் ஒன்று உருவாக்கி, அதில் எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன் கொடுத்தால் போதும். ஓடும் எதுவும் அசையாது. அளவு 8 ஜிபி வேண்டாம், 9 ஜிபி வையுங்கள். ஒவ்வொரு ஸ்வாப்பிலும் 4 கேபி, அதன் விவரங்கள் இருக்கும் தலைப்புப் பகுதிக்குப் போய்விடும். 8 ஜிபி வால்யூம் 83,88,604 கேபி என்றுதான் கணக்கில் வரும். இரண்டு எட்டு சேர்ந்தாலும் 16க்கு 8 கேபி குறையும். கறாராக ஒப்பிடும் நிறுவி அதற்கும் முரண்டு பிடிக்கலாம்.

முன்னுரிமை எதுவும் குறிப்பிடாவிட்டால், பழைய ஸ்வாப் நிறைந்த பிறகே புதியது பயன்படும். உங்களுக்கு அதுவே போதும்.

எஃப்எஸ்டேப்பில் புதிய ஸ்வாப்புக்கு ஒரு வரி சேர்த்ததும், புதியதை மட்டும் ஸ்வாப்ஆஃப் செய்து, ஸ்வாப்ஆனை -ஏ என்ற விருப்பத்தோடு கொடுங்கள். அது எஃப்எஸ்டேப்பைப் படித்துத்தான் ஏற்றும். எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் ரீபூட்டின்போது, இல்லாத வால்யூமுக்காக, சர்வரைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி 90 விநாடி காத்துக்கிடக்கும்.

16 ஜிபி என்பது ஆரக்கிளின் நிறுவல் நிபந்தனை. ரேமுக்கு மாற்று அன்று. ஹியூஜ்பேஜஸ் (பெரிய அளவு நினைவகப் பக்கங்கள்) பயன்படுத்தினால், அதற்கு ஒதுக்கிய ரேமைக் கழித்துவிட்டே ஸ்வாப்பைக் கணக்கிடச் சொல்கிறது ஆரக்கிள், ஏனென்றால் அந்தப் பக்கங்கள் ஸ்வாப்புக்குப் போவதே இல்லை. டேட்டாபேஸ் ஓடத் தொடங்கியதும் விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது), எஸ்ஓ (ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) பத்திகளைப் பாருங்கள். இரண்டும் இடைவிடாமல் எண்களைக் காட்டினால், நீங்கள் கேட்க வேண்டியது டிஸ்க் அன்று, ரேம்.