தூண்டிலில் சிக்கியது எந்த மீன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சந்தையில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் ஒரே குவியலில் போட்டு விற்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது?

நிறத்தை நம்பாதீர்கள். கலங்கல் தண்ணீரிலும் ஐஸிலும் அது மாறிவிடும். வாயைப் பாருங்கள். கட்லாவுக்குத் தலை பெருத்திருக்கும், வாய் மேல்நோக்கித் திறக்கும், கீழ்த்தாடை துருத்தி நிற்கும், மீசை இருக்காது. நீரின் மேல்மட்டத்தில் மேய்வதற்கேற்ற அமைப்பு அது. ரோகுவுக்கு வாய் சற்றுக் கீழே. தடித்த உதட்டின் ஓரத்தில் குஞ்சம் வைத்தாற்போல் இருக்கும். மிர்கால் அடிமண்ணில் மேய்வது. மூக்கு மழுங்கி, உதடு மெலிந்து, உடல் ஒடுங்கி நீண்டிருக்கும். முதுகுத் துடுப்பு நீளமாக ஓடி, வாயோரம் 4 மீசை இருந்தால் இம்மூன்றும் அல்ல, சாதா கெண்டை.

தலை நடுத்தரமாகவும் வாய் நேர் முன்னோக்கியும் இருந்தால் கட்லா–ரோகு கலப்பாக இருக்கலாம். குஞ்சுப் பொரிப்பகத்தில் இரண்டின் சினைமீன்களையும் ஒரே தொட்டியில் விட்டால் இது நேரும். குழம்புக்குக் குறையில்லை. ஆனால், தாய்மீனாக வைத்துக்கொள்ளவே கூடாது. அடுத்தடுத்த தலைமுறைகளில் இரண்டு இனமும் கெட்டுப்போகும்.

விரால் குஞ்சையும் குறவையையும் குழப்பிக்கொள்கிறேன்.

முதுகுத் துடுப்பை விரித்து வெளிச்சத்தில் பிடித்துக் கதிர்களை எண்ணுங்கள். குறவைக்கு 28 முதல் 33. விராலுக்கு 37 முதல் 46. பூவிராலுக்கு 45 முதல் 55. எண்ணிக்கை 45, 46 என்று நின்றால் வாலடியைப் பாருங்கள்: மேல்பக்கம் வெளிர் வளையமிட்ட கரும்புள்ளி இருந்தால் பூவிரால். முதிர்ந்த மீனில் அது மங்கியிருக்கலாம்.

ஜிலேபியும் கரிமீனும் ஒன்றா?

இல்லை. மலவாய்க்குப் பின்னுள்ள துடுப்பில் கெட்டி முட்களை எண்ணுங்கள். கரிமீனுக்கு 12 அல்லது 13, ஜிலேபிக்கு 3. ஜிலேபியிலும் இரண்டு வகை உண்டு. வால் முழுக்க ஒழுங்கான செங்குத்துக் கோடுகள் இருந்தால் நைல் ஜிலேபி. கோடுகள் இல்லாதது 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் ஜிலேபி. அதன் ஆண் இனப்பெருக்க காலத்தில் கறுத்து, தொண்டை வெளுத்திருக்கும்.

மீசையுள்ள கறுப்பு மீன் பிடிபட்டது. தேளியா, ஆப்பிரிக்கக் கெளுத்தியா?

கையில் எடுக்கும் முன்பே முதுகைப் பாருங்கள். தேளிக்கு முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் நம் நாட்டு மாகூர் கெளுத்திக்கும் அது வால்வரை நீளும். தேளியின் மார்புத் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. வலையோடு அமுக்கிப் பிடித்து, கொக்கியைக் குறட்டால் கழற்றுங்கள். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூட்டு நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். முள் முறிந்து உள்ளே தங்கினாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள்.

உடலில் திட்டுத்திட்டாகப் பளிங்குக் கறை, அரை மீட்டருக்கு மேல் நீளம் இரண்டும் சேர்ந்திருந்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றே கொள்ளலாம். இதன் வளர்ப்பை இந்திய அரசு 2000-ல் தடைசெய்தது. சின்ன மீன்களை விழுங்கித் தீர்த்துவிடும் மீன் இது. பிடிபட்டால் எந்த நீர்நிலையிலும் திரும்ப விடாதீர்கள்.

மோயாற்றில் பெரிய செதில் மீன் ஒன்று, துடுப்பெல்லாம் ஆரஞ்சு நிறம். என்ன அது?

தலைக்குப் பின்னால் முதுகு கூனலாக உயர்ந்திருந்ததா? அப்படியானால் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத கூன்முதுகு மஹ்சீராக இருக்கலாம். 2018-ல் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதே ஆற்றில் உள்ள நீலத்துடுப்பு மஹ்சீர் வேறு இனம், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. தண்ணீருக்குள் வைத்தே, பக்கவாட்டில், துடுப்புகள் விரிந்திருக்கப் படம் எடுத்துக்கொண்டு உடனே விட்டுவிடுங்கள்.