நோய்க்குக் காரணம் மறைவான பாவமா, விசுவாசக் குறைவா?

சகோதரி, உங்கள் கணவர் நெடுநாளாகப் படுக்கையில் இருக்கிறார். ஜெபிக்க வருகிறவர்கள் "விசுவாசம் போதவில்லை", "அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வேதம் அப்படித்தான் சொல்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மற்றதையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம், இந்த ஒரு வார்த்தையை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் செயலிழந்தது. பேச்சும் போய்விட்டது. ஆனால் காது கேட்கும், நாம் பேசுவது எல்லாமே புரியும். மூன்றாவது மாதம் ஜெபிக்க வந்த ஒரு சகோதரர் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "அம்மா மனசுல எதையோ மறைச்சு வச்சிருக்காங்க, அதை அறிக்கை பண்ணிட்டா எழுந்து நடப்பாங்க" என்றார். சொன்னது என்னிடம், கேட்டுக்கொண்டு படுத்திருந்தது அம்மா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வராதவர் எதை, எப்படி அறிக்கையிடுவார்? அன்று இரவு வெகுநேரம் இடது கையால் நெஞ்சைத் தட்டித் தட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. "நீங்க ஒண்ணும் செய்யலம்மா" என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த நாட்களில் நானும் அந்தப் பேச்சைப் பாதி நம்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் யோபு புத்தகத்தை நிதானமாக உட்கார்ந்து படித்தேன். எல்லாவற்றையும் இழந்து நோயில் விழுந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் கெட்டவர்களாக வரவில்லை. தூரத்திலிருந்து புறப்பட்டு வந்து, நண்பனின் துக்கம் மகா கொடியது என்று கண்டு, 7 நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த 7 நாளுக்காக அவர்கள்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. மூன்றாம் அதிகாரத்தில் யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. காரணம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். குற்றமில்லாதவன் எவன் அழிந்தான், மனந்திரும்பு, எல்லாம் சரியாகும் என்கிறார்கள். ஆறாம் அதிகாரத்தில் யோபு அவர்களைப் பார்த்து, என் ஆபத்தைக் கண்டு பயப்படுகிறீர்கள் என்கிறான். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களின் மனசும் இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கணவர்மேல் தவறு ஏதும் இல்லை என்றால், இதே நோய் நாளைக்கு அவர்களுக்கும் வரலாமே. அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது.

கடைசி அதிகாரத்தில் கர்த்தர் எலிப்பாஸிடம், என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். தேவனுக்காக வாதாடியவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள், தேவனிடமே முறையிட்டு அழுதவன் சரியாகப் பேசினான் என்று அவரே சொல்கிறார். ஆனாலும் ஏன் இந்தத் துன்பம் என்ற கேள்விக்கு 42 அதிகாரங்கள் முடிந்த பிறகும் யோபுவுக்குப் பதில் சொல்லப்படவில்லை. எனக்கும் சொல்லப்படவில்லை.

இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார். கெட்ட பழக்கத்தால் உடம்பைக் கெடுத்துக்கொள்வதும் உண்டுதான், மறுக்கவில்லை. அது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். வந்து நிற்பவர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

விசுவாசக் குறைவு என்பதற்கு வருகிறேன். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாத்திரம் (வரப்போகிற பாடு) என்னைவிட்டு நீங்கட்டும் என்று இயேசு ஜெபித்தார், நீங்கவில்லை. தன் மாம்சத்திலிருந்த முள் போகவேண்டும் என்று அப்போஸ்தலர் பவுல் மூன்று முறை வேண்டினார், போகவில்லை. அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்லத் துணிவார்? விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்ற யாக்கோபு 5:15-ஐ உங்களிடம் காட்டுவார்கள். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். நோயாளி செய்ய வேண்டியது சபையின் மூப்பரை அழைப்பது மட்டும். வந்து ஜெபிக்கிற வேலை அவர்களுடையது. விசுவாசத்தை அளக்க வேண்டுமென்றால், படுத்திருப்பவரிடம் போய் அளக்க அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

இன்னொரு சகோதரியும் அம்மாவைப் பார்க்க வருவார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் அம்மாவின் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பக்கவாதத்தில் அந்தக் கை இறுகி மூடியே இருக்கும். நகம் வளர்ந்து உள்ளங்கையில் குத்தி, ஈரம் தங்கி, லேசாக வாடை வர ஆரம்பித்திருந்தது. தினமும் பக்கத்தில் இருக்கும் நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் வெந்நீர் கேட்டு வாங்கி, துணியை நனைத்துக் கையைச் சுற்றிப் பொதிந்து, கொஞ்சம் இளகிய பிறகு சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பிரித்த விரலைத் தன் விரலால் தாங்கிக்கொண்டு நகத்தை வெட்டினார். கடைசியில் கையைத் துடைத்து, ஒரு சின்னத் துணியை உருட்டி உள்ளங்கைக்குள் வைத்து மூடினார். "வலிக்குதாம்மா?" என்று மட்டும் அவ்வப்போது கேட்டார். அன்று அவர் சத்தமாக ஜெபித்த ஞாபகம் எனக்கு இல்லை. அதற்குப் பிறகு அவர் குரல் கேட்டாலே அம்மா இடது கையால் வலது கையைத் தூக்கி நீட்டுவார்.

எனவே சகோதரி, இப்படிப் பேச வருகிறவர்களைக் கணவரின் அறைக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. அது அவிசுவாசம் ஆகாது. ஜெபிக்க வார்த்தை வராத நாளில் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களைப்போல முடிவில் நம்பிக்கைக்குத் திரும்பாமல், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற குறையோடேயே அது நின்றுவிடுகிறது. அப்படி ஒரு ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. கணவருக்குக் காது கேட்குமென்றால், நான் சொல்லத் தவறியதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

யோபு தன்னைக் காயப்படுத்திய நண்பர்களுக்காக ஜெபிக்க வேண்டியிருந்தது. அந்த வசனத்தைத் தாண்டிப் போக எனக்கு வழி கிடைக்கவில்லை. கால்மாட்டில் நின்று பேசிய அந்தச் சகோதரருக்காக நானும் ஜெபிக்கிறேன். தொடங்கவே 2 வருடம் ஆனது. இன்றும் சில நாள் பாதியிலேயே நின்றுவிடுகிறது.