பொங்கல் கூட்டத்துக்கு நடுவே 24 சிப்பாய்கள்

கேள்வி: மயிலாடுதுறையில் இருக்கிறேன். தரங்கம்பாடிக் கோட்டைக் காட்சி ஒன்று செய்ய 1/72 அளவில் (நிஜ ஆளில் 72-இல் ஒரு பங்கு) 24 பிளாஸ்டிக் சிப்பாய்கள் வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு நான்கு நாள் லீவு. ஆனால் வீடு நிறைய விருந்தாளிகள் இருப்பார்கள். பெயின்ட் அடிக்க நேரம் எப்படிக் கிடைக்கும்?

பதில்: சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். போகியன்று பரண் ஒழிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். காணும் பொங்கலன்று பூம்புகாருக்கு வண்டி ஓட்டப்போவதும் நீங்கள்தான். இருபது நிமிடம், அரை மணி நேரம் என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பாதியில் எழுந்து போனாலும் கெடாத வேலைகளை மட்டும் லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றதை மார்கழியிலேயே முடித்துவிடுங்கள். பொம்மைகளைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சில் பூசிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் உரிந்து வந்துவிடும். பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சான ப்ரைமர் ஸ்ப்ரேயை வெயில் ஏறிய பிறகு அடியுங்கள், பனிக்காலைக் குளிரில் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் அவசரப்பட்டு வார்னிஷ் ஸ்ப்ரே அடித்து, ஒரு படையையே விபூதி பூசியதுபோல் வெளுக்க வைத்தவன் நான்.

எந்தக் காலத்துச் சிப்பாய் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். டேனியர்கள், அதாவது டென்மார்க்காரர்கள், தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை கட்டி, 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றவர்கள். அத்தனை காலமும் ஒரே சீருடையா இருந்திருக்கும்? 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்றால் டேனிஷ் காலாட்படைக்குச் சிவப்புக் கோட்டு. கறுப்பு ப்ரைமர்மேல் சிவப்பு எளிதில் எடுபடாது. வெள்ளையோ சாம்பலோ அடியுங்கள்.

அப்புறம், இரண்டு நீள ஸ்கேல்களில் இருபக்க டேப் ஒட்டி, ஒவ்வொன்றிலும் 12 பேரை நிறுத்துங்கள். வாசலில் யாராவது கூப்பிட்டால் ஸ்கேலோடு தூக்கி அலமாரிமேல் வைத்துவிடலாம். ஓர் ஆளை முழுதாக முடித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போகாதீர்கள். இந்த அமர்வில் 24 பேருக்கும் கோட்டு, அடுத்ததில் கால்சட்டை, அதற்கடுத்து துப்பாக்கி. கடைசி ஆளுக்கு வரும்போது முதல் ஆள் காய்ந்திருப்பார். கண் வரையவே வேண்டாம். இந்த அளவில் தலையே ஒரு மிளகு அளவுக்கு வராது. நீர்த்த பழுப்பு பெயின்ட்டை முகத்தில் ஓடவிட்டால் கண்குழியில் தானாகத் தங்கும்.

அக்ரிலிக் பெயின்ட் தட்டில் காய்ந்துபோகாமல் இருக்க, மூடியுள்ள டிபன் பாக்ஸில் ஈரமான டிஷ்யூவை மடித்துப் போட்டு, மேலே பட்டர் பேப்பர் விரித்து அதில் கலக்குங்கள். மூடி வைத்தால் மறுநாளும் பிரஷ்ஷை எடுத்த எடுப்பில் தொடங்கலாம். எடுத்து வைக்கவே பத்து நிமிடம் ஆனால் இருபதில் என்ன மிஞ்சும்?

வரும் பிள்ளைகளை விரட்டாதீர்கள். ஆற்று மணலைச் சலிப்பது, பீடத்தில் பெவிகால் தடவித் தூவுவது எல்லாம் அவர்களிடமே விடலாம். டீ வடிகட்டியில் சலித்தால்தான் இந்த அளவுக்கு மண்போலத் தெரியும், இல்லாவிட்டால் பாறைதான். வடிகட்டியை மட்டும் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பொங்கலன்று அடுப்படியில் அதைக் காணோம் என்றால் பஞ்சாயத்து உங்களிடம்தான் வரும்.