எடை கூடிய பிள்ளைகளுக்கு மட்டும் தனி உடற்பயிற்சி: பலன் உண்டா?

உங்கள் மகன் படிக்கும் பள்ளியில் எடை கூடிய பிள்ளைகளை மட்டும் பிரித்து உடற்பயிற்சி கொடுக்கப் போகிறார்கள் என்றும், அரசாங்கம் எடுக்கும் இப்படிப்பட்ட முயற்சிகளால் பலன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் உங்கள் மகனின் பெயரும் இருக்கும் என்றே நினைக்கிறேன்; இல்லாவிட்டால் இவ்வளவு கவலையோடு எழுதியிருக்க மாட்டீர்கள். சிங்கப்பூரில் இதே முறை 15 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதில் சேர்க்கப்பட்ட மாணவிகளில் நானும் ஒருத்தி. பிள்ளைகளை ஓடியாட வைக்க அரசாங்கம் முயலத்தான் வேண்டும். ஆனால் எடை பார்த்துப் பிரிப்பது அதற்கு வழியல்ல என்பது என் உறுதியான கருத்து.

‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்ற அந்தத் திட்டம் 1992-இல் தொடங்கியது. ஆண்டுதோறும் மாணவர்களின் எடையையும் உயரத்தையும் பார்த்து, அளவுக்கு மேல் எடையுள்ளவர்களுக்குக் கூடுதல் உடற்பயிற்சி கொடுக்கப்பட்டது. எடை கூடிய மாணவர்களின் விகிதத்தைக் குறைத்துக் காட்டிய பள்ளிகளுக்கு விருதும் உண்டு. ஆகவே எடை கூடிய பிள்ளை, பள்ளியின் பெயரைக் கெடுக்கும் பிள்ளையாகவும் ஆகிப்போனது.

நான் தொடக்கநிலை 4-இல் படித்தபோது, வகுப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்தி எடை பார்த்தார்கள். ஆசிரியர் எண்ணை வாய்விட்டுச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவர் ஒருவர் குறித்துக்கொள்வார். பின்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் அது கேட்கும். அடுத்த வாரத்திலிருந்து, இடைவேளை மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலைக்கு ஓட, நாங்கள் சிலர் மட்டும் திடலுக்குப் போனோம். முதலில் திடலைச் சுற்றி ஓட்டம், பிறகு ஸ்கிப்பிங். திடலுக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் இடையில் சுவர் கிடையாது. மீ நூடுல்ஸ் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு என் தோழிகள் எங்களைப் பார்த்தபடியே சாப்பிடுவார்கள். எங்களை விடும்போது இடைவேளை முடியச் சில நிமிடங்களே மிச்சமிருக்கும். வியர்வையோடு போய் வரிசையில் நின்றால், “இப்போதுதானே ஓடினாய், அதற்குள் சாப்பாடா?” என்று யாராவது கேட்பார்கள் என்ற பயத்திலேயே நான் பள்ளியில் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். அம்மா கட்டிக்கொடுத்த தோசை அப்படியே திரும்பி வரும். “ஏம்மா, டப்பாவைத் திறக்கவே இல்லையா?” என்று அம்மா கேட்பார். நான் பதில் சொல்லாமல், இரண்டு வேளைச் சாப்பாட்டை மதியம் ஒரே வேளையில் சாப்பிட்டு முடிப்பேன். அந்த ஆண்டு இறுதியில் என் எடை கூடித்தான் இருந்தது. எடையைவிடப் பெரிய கேடு, ஓட்டம் என்றாலே தண்டனை என்று மனத்தில் பதிந்துபோனது. உயர்நிலைப் பள்ளியில் நாஃபா உடலுறுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் நெருங்கினால் எனக்கு இரவில் தூக்கமே வராது. பள்ளியை விட்ட பிறகு பேருந்தைப் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை.

எல்லாப் பள்ளிகளிலும் இடைவேளையில்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. காலையிலோ பள்ளி முடிந்த பிறகோ நடத்திய பள்ளிகளும் இருந்தன. எங்கள் ஆசிரியரும் கொடுமைக்காரர் அல்லர். எங்களோடு சேர்ந்து ஓடியவர். ‘நாங்களும் ஓடியவர்கள்தான், நன்றாகத்தானே இருக்கிறோம்’ என்று சொல்லப் பலர் வருவார்கள். அவர்கள் நன்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. எண்ணிக்கையைக் காட்டுபவர்களும் உண்டு: 1992-இல் ஏறத்தாழ 14 விழுக்காடாக இருந்த எடை கூடிய மாணவர்களின் விகிதம் 2006-இல் 9.5 விழுக்காடாகக் குறைந்தது. திட்டம் 2007-இல் கைவிடப்பட்ட பிறகு ஏறி, 2021-இல் 16 விழுக்காட்டைத் தொட்டது. ஆனால் கணக்கிடும் முறை இடையில் மாறிவிட்டது. 2021 கொவிட் காலம் வேறு. அந்த எண்களை வைத்துப் பழைய முறையே நல்லது என்று முடிவு கட்ட முடியாது.

அதோடு, எடை வேறு, உடலசைவு வேறு. 5 முதல் 17 வயது வரையிலானவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த அளவை எட்டாதவர்கள் 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காடு என்று 2019-இல் வெளிவந்த அதன் ஆய்வு காட்டியது. ஐந்தில் நான்கு பேர்! அவர்களில் பெரும்பாலோர் ஒல்லியான, பார்வைக்குச் சாதாரணமான பிள்ளைகள். எடைக்கருவி அவர்களை ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. சிலரைப் பிரித்து ஓட வைக்கும் பள்ளி, மீதிப் பேரை உட்கார வைத்திருக்கிறது.

2007-க்குப் பிறகு வந்த ஏற்பாடு எல்லா மாணவர்களுக்கும் பொதுவானது. உடல்நலத்தோடு மனநலத்தையும் சேர்த்துப் பார்ப்பது. என் மகள் இப்போது தொடக்கநிலை 4-இல் படிக்கிறாள். உடற்கல்வி வகுப்பில் வகுப்பே இரண்டு அணியாகப் பிரிந்து பந்தைப் பறித்து விளையாடுகிறது. 2010-இல் தொடங்கிய ‘ஸ்விம்சேஃபர்’ திட்டத்தின்கீழ் நீச்சலும் கற்றுக்கொண்டாள். என் உடல்வாகுதான் அவளுக்கும். ஆனால் உடற்கல்வி உள்ள நாளில் யாரும் எழுப்பாமலே எழுந்து தயாராகிறாள். அரசாங்க முயற்சி பலன் தரும் என்று நான் சொல்வது இதைக் கண்ணால் பார்த்துத்தான்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. பிள்ளைகளை விளையாடச் சொல்லும் அதே ஊரில், அடுக்குமாடிக் கட்டடங்களின் திறந்த கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்ற அறிவிப்பும் தொங்குகிறது. அந்தக் கட்டடங்களில் வசிக்கும் முதியவர்களின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மழைநாளில், துணைப்பாட (டியூஷன்) வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வரும் பிள்ளை வேறெங்கே ஓடும்? பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் கூட்டிக் கொடுப்பதோடு, வீட்டு வாசலில் விளையாட இடம் விடுவதும் அரசாங்கத்தின் வேலைதான்.

பெற்றோர் கூட்டத்தில் திட்டத்தையே எதிர்த்துப் பேசாதீர்கள். பேசினால் உடற்பயிற்சிக்கே எதிரி என்பார்கள். அந்தக் கூடுதல் நேரத்தை முழு வகுப்புக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். எடையைத் திரைக்குப் பின்னால் தனித்தனியாகப் பார்த்து, விவரத்தை உறையில் வைத்துப் பெற்றோரிடம் தரச் சொல்லுங்கள். இடைவேளையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.