மூலையில் எழும் பெட்டியை அனுப்புவது யார்?

கேள்வி: வீட்டில் விண்டோஸ் 11 கணினி பயன்படுத்துகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே திரையின் வலது கீழ் மூலையில் டிப்ஸ், பரிந்துரை என்று ஏதாவது ஒரு பெட்டி எழுந்து கவனத்தைக் கலைக்கிறது. சில நாட்களாக, 'உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது' என்ற எச்சரிக்கையும் வருகிறது. எல்லா அறிவிப்புகளையும் ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். வேண்டாதவற்றோடு உண்மையான பாதுகாப்பு எச்சரிக்கையும் நின்றுபோகும். ஒவ்வொரு பெட்டியையும் அனுப்புவது யார் என்று முதலில் பாருங்கள்.

அந்த வைரஸ் எச்சரிக்கையிலிருந்தே தொடங்குவோம். என்னைக் கவலைகொள்ள வைப்பது அதுதான். அடுத்த முறை அது எழும்போது, உள்ளே எங்கும் கிளிக் செய்யாமல் அதிலுள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். குரோம் போன்ற பிரவுசரின் பெயரும் ஏதோ ஓர் இணையதள முகவரியும் தெரிந்தால், அது விண்டோஸ் அனுப்பியதன்று. 'நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அலவ் பொத்தானை அழுத்தவும்' என்று கேட்ட ஏதோ ஒரு பக்கத்தில் எப்போதோ அழுத்தியிருப்பீர்கள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அத்தளம் உங்களை அச்சுறுத்துகிறது. அதில் தொலைபேசி எண் இருந்தால் எக்காரணம் கொண்டும் அழைக்காதீர்கள். குரோமின் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதனுள் சைட் செட்டிங்ஸ், அதனுள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று சென்றால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அறிமுகமில்லாத முகவரிக்கு எதிரேயுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'பிளாக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ரிமூவ்' என்று நீக்கினால் அதே தளம் மறுபடியும் அனுமதி கேட்க வழி இருக்கிறது. எந்தத் தளமும் இனி அனுமதியே கேட்காதபடி செய்யும் வசதியும் அதே பக்கத்தில் உண்டு. எட்ஜ், ஃபயர்பாக்ஸ் பிரவுசர்களிலும் இத்தகைய பட்டியல் இருக்கிறது.

விண்டோஸ் தரும் டிப்ஸை நிறுத்துவது எளிது. விண்டோஸ் விசையுடன் 'ஐ' விசையைச் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும்; சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று சென்று பக்கத்தின் அடிவரை இறங்குங்கள். அங்கே 'அடிஷனல் செட்டிங்ஸ்' என்ற வரி மடங்கிக் கிடப்பதால் பலர் கண்ணில் படுவதே இல்லை. அதை விரித்தால் தெரியும் கட்டங்களில், விண்டோஸைப் பயன்படுத்தும்போது டிப்ஸும் பரிந்துரைகளும் பெறுவதற்கானதும், கணினி அமைப்பை முடிக்கச் சொல்லி நினைவூட்டுவதும் அடங்கும். டிக் குறிகளை எடுத்துவிட்டால் போதும், கணினியின் இயக்கத்துக்கு எந்தக் குறையும் வராது. பூட்டுத்திரையிலும் ஸ்டார்ட் மெனுவிலும் வரும் பரிந்துரைகளுக்கான பொத்தான்கள் பர்சனலைசேஷன் பகுதியில் இருக்கின்றன.

எழுதும் நேரத்தில் மட்டும் அமைதி வேண்டுமென்றால், அதே நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் மேற்பகுதியிலுள்ள 'டு நாட் டிஸ்டர்ப்' வசதியை இயக்குங்கள். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஏனெனில் வரும் அறிவிப்புகள் அழிந்துபோவதில்லை, திரையில் எழாமல் ஓரிடத்தில் சேர்கின்றன. வேலை முடிந்ததும் விண்டோஸ் விசையுடன் 'என்' விசையை அழுத்தி அனைத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். தினமும் எழுதும் நேரம் ஒன்றே என்றால், அந்த நேரத்தில் தானாகவே இயங்கும்படியும் குறித்து வைக்கலாம்.

அப்பக்கத்தின் செயலிப் பட்டியலில் உங்களுக்குப் பயன்படாத செயலிகளைத் தயங்காமல் அணைத்துவிடுங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி' அங்கே தென்பட்டால் அதை மட்டும் தொடாதீர்கள். உண்மையாகவே வைரஸ் பிடிபட்டால் உங்களிடம் சொல்ல வேண்டியது அதுதான்.