பழைய ஃப்ளாட்டை இடித்துக் கட்டுவது: கேள்வி பதில்

மந்தைவெளியிலிருந்து: 4 கிரவுண்டில் 12 வீடு, தலா 900 சதுர அடி. அதே அளவில் புது வீடு தருவதாக பில்டர் சொல்கிறார். அவருக்குக் கட்டுப்படியாகுமா சார்?

4 கிரவுண்ட் என்றால் 9,600 சதுர அடி. 18.30 மீட்டர் உயரத்துக்குள் கட்டினால் எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2, அதாவது 19,200 சதுர அடி. உங்களுக்கு 10,800 போனால் அவர் விற்க மிஞ்சுவது 8,400தான். ரோடு 9 மீட்டராவது இருந்தால் பணம் கட்டி 30 சதவீதம் பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம். மொத்தம் 24,960 ஆகும், அவர் பங்கு 14,160. ரோடு 12 மீட்டரானால் 40 சதவீதம், 18 மீட்டரானால் 50.

ஆகவே பங்கு விகிதம் பேசுமுன் டேப்பை எடுங்கள். 9 மீட்டர் என்பது 29 அடி 6 அங்குலம். பத்திரத்தில் '30 அடி ரோடு' என்று இருக்கும், காம்பவுண்டிலிருந்து எதிர் காம்பவுண்டுக்குப் பிடித்தால் 28தான் வரும். உங்கள் கேட்டுக்கு முன்னால் மட்டும் அளந்து திருப்திப்படாதீர்கள், தெருமுனை வரை நாலைந்து இடத்தில் அளங்கள். 900 என்பது கார்பெட்டா (வீட்டுச் சுவர்களுக்குள் உள்ள தரைப் பரப்பு), பொதுப் பகுதி சேர்ந்ததா என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பிற்பாடு சண்டை அங்கேதான்.

கே.கே. நகரிலிருந்து: எல்லோரிடமும் பத்திரம் இருக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்?

எல்லாப் பத்திரத்திலும் உள்ள யூடிஎஸ்ஸை (ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு) கூட்டிப் பாருங்கள். 9,600 சதுர அடி மனையில் ஆளுக்கு 760 எழுதியிருந்தால் 12 பேருக்கு 9,120. மீதி 480 பழைய நில உரிமையாளர் பெயரிலேயே கிடக்கிறது. அவர் இறந்திருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பல இடங்களில் பட்டாவும் அவர் பெயரிலேயே இருக்கும். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, வங்கியில் அடமானம் இருந்தால் அதன் தடையில்லாச் சான்று எல்லாம் வேண்டும். உங்கள் பகுதியில் வீட்டுவசதி வாரிய மனைகள் அதிகம். வாரியம் கிரயப் பத்திரம் கொடுத்துவிட்டதா என்றும் பாருங்கள்.

அண்ணா நகரிலிருந்து: 12 பேரில் இரண்டு பேர் மறுக்கிறார்கள்.

2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதம் போதும், உங்களுக்கு 8 பேர். சட்டம் அப்படி, நடைமுறை வேறு. கோர்ட்டில் தடையுத்தரவு வந்தால் வேலை நின்றுவிடும் என்று பில்டரும் கடன் கொடுக்கும் வங்கியும் 12 கையெழுத்தையும் கேட்பார்கள். மறுப்பவருக்குப் பெரும்பாலும் பயம்தான், கட்டி முடியும் வரை பில்டர் தரும் வாடகையும், புது வீடு எந்த மாடியில் என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தாக வந்தால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

திருவான்மியூரிலிருந்து: வருமான வரி எப்போது?

தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும், பில்டருடன் போட்ட கூட்டு ஒப்பந்தம் பதிவாகியிருந்தால், நிறைவுச் சான்று கிடைக்கும் ஆண்டில்தான் மூலதன ஆதாய வரி. அதற்கு முன்பே உங்கள் பங்கை விற்றால் விற்ற ஆண்டிலேயே.

அடையாறிலிருந்து: எப்போது வீட்டைக் காலி செய்வது?

சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) திட்ட அனுமதியும் மாநகராட்சியின் கட்டட அனுமதியும் கைக்கு வந்த பிறகு. ஒப்பந்தம் போட்ட மறுமாதமே சாவியைக் கொடுத்து, இடித்த மண்மேட்டைப் பார்த்தபடி வாடகை வீட்டில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அனுமதி இழுத்தால் வாடகை யார் தலையில் என்பதற்கும் ஒரு ஷரத்து வேண்டும். 'சாவி கைக்கு வரும் வரை' என்று எழுதுங்கள், '24 மாதம்' என்று மட்டும் எழுதினால் 25-ஆவது மாத வாடகை உங்களுடையது.