சாக்லேட் வியாபாரமும் இரண்டு அரியரும்

ஐயா, வணக்கம்.

சொந்தமாகச் சாக்லேட் தொழில் செய்யும் ஆசை வந்து மகளின் கல்லூரிப் படிப்பு கெட்டு, இரண்டு அரியர் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவளை வரச்சொல்லிப் பேசினேன், மார்க் ஷீட்டையும் பார்த்தேன். தொழில் ஆசை உள்ள மாணவர்கள் படிப்பில் பின்தங்குவார்கள் என்றோ முந்துவார்கள் என்றோ ஆய்வுகள் ஒரே முடிவாகச் சொல்லவில்லை. அதனால் உங்கள் பிள்ளையின் கதையைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

நவம்பர் தேர்வுகளில் நல்ல மார்க். அரியர் இரண்டும் ஏப்ரல்-மே தேர்வில் விழுந்தவை. ஊட்டியில் அப்போது சீசன் உச்சம். கடைகள் கேட்கக் கேட்க, ராத்திரியெல்லாம் சாக்லேட் செய்து பேப்பர் சுற்றியிருக்கிறாள். ஆசையைக் குறை சொல்வதைவிட, சீசனும் தேர்வும் சேர்ந்து வரும் அந்த ஆறு வாரத்தைச் சரிசெய்வதுதான் வேலை. தேர்வு முடியும்வரை புது ஆர்டர் எடுக்க முடியாது என்று மார்ச்சிலேயே கடைக்காரர்களிடம் சொல்லிவிடட்டும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமலும் பார்த்துக்கொள்ளட்டும்.

அவளுடைய கணக்கு நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். சாக்லேட் கட்டி, முந்திரி, பெட்டி எல்லாம் எழுதியிருக்கிறாள். கேஸ் இல்லை, கோத்தகிரி-ஊட்டி பஸ் செலவு இல்லை, கடையிலிருந்து திரும்பி வந்த பெட்டிகள் இல்லை, அவளுடைய கூலியும் இல்லை. லாபம் என்று அவள் நினைப்பதில் பெரும்பகுதி அவளுக்கே சேர வேண்டிய கூலி. அரியரில் ஒன்று காஸ்ட் அக்கவுண்டிங், அதாவது ஒரு பொருளைச் செய்ய ஆகும் மொத்தச் செலவைக் கணக்கிடும் பாடம்! இதைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "இதைத்தான் சார் வகுப்பில் நடத்தினாங்க" என்றாள்.

பச்சைத் தேயிலை விலை ஏறி இறங்குவதைப் பார்த்தே வாழ்ந்த உங்களுக்கு, மகள் மாதச் சம்பளத்துக்குப் போகட்டும் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனாலும் வியாபாரத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவசரத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று எம்.ஐ.டி. பேராசிரியர் பியர் அசூலே குழுவினர் கண்டிருக்கிறார்கள். இங்கேயும் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியத்தோடு கடன் கேட்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குள் பட்டமும் கைக்கு வந்துவிடும். விவரம் மாவட்டத் தொழில் மையத்தில் கிடைக்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவை மட்டும் இப்போதே செய்யச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது அந்த நோட்டை எடுத்து வரட்டும். அவளுடைய ஒரு பெட்டி சாக்லேட்டுக்கே காஸ்ட் ஷீட் போட்டுப் பார்ப்போம். நீங்களும் கூட வாருங்கள்.